ரிப்போர்ட்டில் எல்லாம் சரி, ஆசை மட்டும் இல்லை

சில நம்பிக்கைகளை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. தானாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆணின் காம இச்சைக்கு டெஸ்டோஸ்டிரோன்தான் எல்லாம், அது இறங்கினால் ஆசை இறங்கும், ஏற்றினால் ஏறும் என்பது அப்படி ஒன்று. இந்த நம்பிக்கைக்கு ஒரு வாலும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் பெண்களுடைய சமாச்சாரம். ஆணின் உடம்பில் அது கொஞ்சம் இருந்தால் போகட்டும், ஆனால் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. விளம்பரம், ஜிம் பேச்சு, யூடியூப் ஆலோசனை எல்லாவற்றிலும் இந்த வால் ஆடிக்கொண்டே இருக்கிறது. தலையைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. வாலைத்தான் கொஞ்ச காலமாக என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரிந்த ஒருவரின் ரத்தப் பரிசோதனைத் தாள்.

என்னோடு வேலை பார்த்தவர். நான் அண்ணே என்று கூப்பிடுபவர். ஐம்பதை நெருங்கும் வயது. பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் விந்தகத்தை வேலை வாங்கும் கட்டளை அந்தச் சுரப்பியிலிருந்துதான் போக வேண்டும். அது நின்றுபோனதால் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. ஊசி ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் ஆளே மாறினார். நடையில் தெம்பு, பேச்சில் கிண்டல், வீட்டிலும் எல்லாம் நன்றாக இருப்பதாக அவரே ஒருமுறை வெட்கத்தோடு சொன்னார். அப்புறம்தான் ஜிம்மில் ஒருவர், "ஊசி போட்டா ஈஸ்ட்ரோஜன் ஏறிடும் சார், மார்பு வந்துடும், பிளாக்கர் போட்டுக்குங்க" என்று, ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் அனஸ்ட்ரோசோல் மாத்திரையைப் பரிந்துரைத்திருக்கிறார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் கொடுக்கும் மருந்து அது. மருத்துவரிடம் சொல்லாமலே இவர் ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நாளில் முழங்கால் வலி, விரல் மூட்டு வலி. தூக்கம் சரியில்லை. ஆசை மெல்ல வடிந்து, ஒரு கட்டத்தில் சுத்தமாக நின்றுவிட்டது. விறைப்பும் அதோடு போயிற்று. ஊசி போதவில்லை என்று நினைத்துப் பரிசோதனை செய்தால், டெஸ்டோஸ்டிரோன் இளைஞர்களுக்கு இருக்கும் அளவில் கம்பீரமாக நின்றது. தாளை என் கையில் கொடுத்து அவர் சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, நம்பர் எல்லாம் ஜம்முனு இருக்கு. ஆளுதான் இல்ல."

அந்தத் தாளில் டெஸ்டோஸ்டிரோனுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமானதான எஸ்ட்ராடியால். ஆண்களுக்கு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 முதல் 40 பிகோகிராம் வரை இருக்க வேண்டும் என்று ஓரத்தில் போட்டிருந்தார்கள். இவருடைய அளவு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணுக்கு முன்னால் 'இதற்கும் கீழே' என்று காட்டும் குறி மட்டும் இருந்தது. கருவியால் பிடிக்க முடிகிற அளவுக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். அவர் அதைப் பார்த்து நிம்மதிப்பட்டிருந்தார். மாத்திரை நன்றாக வேலை செய்கிறதே!

ஆணுக்குள் அது எங்கிருந்து வருகிறது

இதற்குப் பிறகு நான் படித்தவற்றில் முதலில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஒரு குதிரைக் கதை. 1934இல் பெர்னார்ட் சொண்டெக் என்ற ஆராய்ச்சியாளர் பொலிகுதிரையின் சிறுநீரில் ஏராளமான ஈஸ்ட்ரோஜன் இருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். பெண்குதிரையில் அல்ல, ஆண்மைக்கே உவமையாகச் சொல்லப்படும் பொலிகுதிரையில். அதன் விந்தகமே ஈஸ்ட்ரோஜன் மிக அதிகமாக உள்ள திசுக்களில் ஒன்று என்பதும் தெரியவந்தது. ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று இரண்டு பெட்டி போட்டுப் பிரித்தவர்களுக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தியதாகத்தான் தெரிகிறது, ஆனால் பெட்டிகளை யாரும் மாற்றவில்லை.

உண்மையில் நடப்பது சிக்கலானதல்ல. அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடியாலாக மாற்றுகிறது. கொழுப்பு, எலும்பு, மூளை என்று உடம்பின் பல இடங்களில் இந்த நொதி இருக்கிறது. ஆணின் ரத்தத்தில் உள்ள எஸ்ட்ராடியாலில் விந்தகம் நேரடியாகச் சுரப்பது ஐந்தில் ஒரு பங்குதான்; மீதி இப்படி வெளியே மாற்றப்பட்டு வருவது. மாற்றப்படும் டெஸ்டோஸ்டிரோனின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் அந்தத் துளி போதும். அறுபது வயது ஆணின் ரத்தத்தில், மாதவிடாய் நின்ற அதே வயதுப் பெண்ணின் ரத்தத்தில் இருப்பதைவிட எஸ்ட்ராடியால் அதிகமாகவே இருக்கும். இதை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள்.

துளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே சில உதாரணங்களை வைத்திருக்கிறது. 1994இல் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய அறிக்கை வெளியானது. ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி அவர் உடம்பில் மரபணுக் கோளாறால் வேலை செய்யவில்லை. ஆண் ஹார்மோனுக்குக் குறையில்லை. ஆனாலும் அந்த வயதிலும் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடாமல் உயரம் கூடிக்கொண்டே போயிருந்தது. எலும்போ முதியவருடையதைப் போல மெலிந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அரோமடேஸ் நொதியே இல்லாத ஆண்களும் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைவாக இருந்தது. 2005இல் வெளியான அவரைப் பற்றிய கட்டுரைதான் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்து சரியான அளவுக்கு வந்தபோதுதான் அவருடைய பாலுறவு வாழ்க்கை இயல்பு நிலையை எட்டியது. ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்த்தால் பாதிக் கிணறுதான் தாண்ட முடிந்தது.

எலிகளில் இது அதற்கும் முன்பே தெரிந்திருக்கிறது. விதைநீக்கிய எலிகளுக்கு எஸ்ட்ராடியாலையும், ஈஸ்ட்ரோஜனாக மாற முடியாத ஆண் ஹார்மோனான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துக் கொடுத்தபோது புணர்ச்சி நடத்தை திரும்பியது என்று 1973இல் காட்டினார்கள். டெஸ்டோஸ்டிரோன் தனி ஆளாகச் செய்வதாக நாம் நினைக்கும் வேலையை அதன் இரண்டு வாரிசுகள் சேர்ந்து செய்துவிட்டன. எலியை வைத்து மனிதரைப் பற்றிப் பேசக் கூடாது என்பார்கள். நியாயம்தான். மனிதர்களை வைத்தே ஒருவர் செய்து பார்க்கும்வரை நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

பதினாறு வாரம்

2013இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஜோயல் ஃபிங்கல்ஸ்டீன் குழு வெளியிட்ட ஆய்வு அது. என் மண்டையில் இந்த விஷயம் திரும்பிய இடமும் அதுதான்; அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இதில் இருந்த பழைய சிக்கல் இதுதான்: டெஸ்டோஸ்டிரோன் குறையும்போது அதை மூலப்பொருளாகக் கொண்ட எஸ்ட்ராடியாலும் கூடவே குறைகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஒருவருக்கு வயிறு போடுகிறது, கை மெலிகிறது, ஆசை போகிறது என்றால், எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது? யாரும் பிரிக்கவில்லை. கண்ணில் பட்டது டெஸ்டோஸ்டிரோன், பழி எல்லாம் அதன் தலையில்.

ஃபிங்கல்ஸ்டீன் குழு, 20 முதல் 50 வயதுக்குள் உள்ள ஆரோக்கியமான ஆண்களை எடுத்துக்கொண்டது. கோசெரெலின் என்ற மருந்தைக் கொடுத்து, அவர்களுடைய உடம்பு சொந்தமாக ஹார்மோன் சுரப்பதை நிறுத்தியது. பிறகு வெளியிலிருந்து, தோலில் பூசும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல். சிலருக்கு வெறும் போலி ஜெல், மற்றவர்களுக்குத் தினம் 1.25 கிராம், 2.5, 5, 10 என்று படிப்படியாக. 198 பேர், 16 வாரம். இது முதல் அணி. இரண்டாவது அணியில் 202 பேர். அவர்களுக்கும் எல்லாம் அதேதான். கூடுதலாக அனஸ்ட்ரோசோல், அண்ணன் விழுங்கிய அதே மாத்திரை. அதாவது டெஸ்டோஸ்டிரோன் இருக்கும், ஆனால் அது எஸ்ட்ராடியாலாக மாற முடியாது. இரண்டு அணிகளையும் பக்கத்தில் வைத்தால், எந்த ஹார்மோனுக்கு எந்த வேலை என்று தெரிந்துவிடும். (இதில் சேரச் சம்மதித்த நானூறு பேருக்கும் ஒரு கும்பிடு. போலி ஜெல் யார் கையில் விழும் என்று தெரியாமல், தன் ஆசையை நான்கு மாதம் அடகு வைப்பது சின்ன காரியமில்லை.)

முடிவுகள் மூன்று பக்கமாகப் பிரிந்தன. தசையின் அளவும் வலுவும் டெஸ்டோஸ்டிரோன் கணக்கு. அனஸ்ட்ரோசோல் அதில் பெரிதாக விளையாடவில்லை. உடம்பில் கொழுப்பு சேருவது பெரும்பாலும் எஸ்ட்ராடியால் குறைந்ததன் கணக்கு. ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏறினால்தான் கொழுப்பு வரும் என்ற பேச்சுக்கு நேர் எதிர். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. பாலுறவு ஆசையும் விறைப்பும் இரண்டின் கணக்கிலும் வந்தன. முதல் அணியில் ஜெல்லின் அளவு குறையக் குறைய ஆசை படிப்படியாகச் சரிந்தது. இரண்டாவது அணியில், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தும் மாற்றம் தடுக்கப்பட்டதால் ஆசை சரிந்தது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஓடிக்கொண்டிருக்கிறது, மனம் மட்டும் எழவில்லை. அண்ணன் சொன்ன வாக்கியத்தை ஒரு மருத்துவ இதழ் வரைபடமாகப் போட்டிருந்ததாக எனக்குத் தோன்றியது.

பின்னர் வந்தவையும் இந்தப் பக்கமே சாய்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, 65 வயதைத் தாண்டிய 790 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையின் முடிவுகள் 2016இல் வந்தன. ஜெல் போட்டவர்களின் ஆசையும் பாலுறவும் ஓரளவு கூடின. யாருக்கு எவ்வளவு கூடியது என்று பார்த்தபோது, டெஸ்டோஸ்டிரோன் ஏறிய அளவோடு எஸ்ட்ராடியால் ஏறிய அளவும் அதோடு பொருந்திப் போனது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்பதே பாதி, மறைமுகமான ஈஸ்ட்ரோஜன் சிகிச்சைதான் என்று சொன்னால் ஜிம்மில் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்லத்தான் தோன்றுகிறது.

அண்ணன் கதைக்கு வருகிறேன். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், வேறொன்றும் புதிதாக எழுதவில்லை. மூட்டு வலி முதலில் விட்டது. ஆசை அதைவிடத் தாமதமாக, ஒழுங்கில்லாமல், வந்து வந்து போய், பிறகு நிலைத்தது. எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொன்னார் அந்த மருத்துவர். காரணம் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த வயதான ஆண்களுக்கு ஓராண்டு அனஸ்ட்ரோசோல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் அளவு நன்றாக ஏறியது, ஆனால் முதுகெலும்பின் அடர்த்தி குறைந்தது. இன்னொன்றும் சொன்னார். சாதாரண ஆய்வுக்கூடங்களில் செய்யும் எஸ்ட்ராடியால் பரிசோதனை பெண்களின் அளவுகளுக்காக உருவானது. ஆண்களின் சின்ன அளவில் அது தடுமாறும். முடிந்தால், மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலை முறையில் அளக்க வேண்டும் என்றார். அந்தத் தகவல் மட்டும் முன்பே பரவலாகத் தெரிந்திருந்தால், 'ஈஸ்ட்ரோஜன் ஏறிவிட்டது' என்று பயந்து மாத்திரை வாங்கியவர்களில் பாதிப் பேர் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜனையே கொடுத்துவிடலாமா

இல்லை. விந்தகம் வேலை செய்யும் ஆணுக்கு வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் நிலைமை மோசமாகும். டெஸ்டோஸ்டிரோன் போதும் என்று மூளை தெரிந்துகொள்வது பெருமளவுக்கு எஸ்ட்ராடியால் வழியாகத்தான். மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்பதைப் போல, எஸ்ட்ராடியால் ஏறியதும் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்துகிறது, விந்தகம் அடங்குகிறது, இருந்த டெஸ்டோஸ்டிரோனும் போகிறது. உடல் பருமன் உள்ளவர்களிடம் இதன் ஒரு வடிவத்தைப் பார்க்கலாம். கொழுப்பில் அரோமடேஸ் அதிகம், மாற்றமும் அதிகம். அவர்களுக்கு எடை குறைந்தாலே டெஸ்டோஸ்டிரோன் ஏறுவது வழக்கம். எஸ்ட்ராடியால் அளவுக்கு மீறினால் மார்பு வீங்குவது, விறைப்பு கெடுவது எல்லாம் உண்மைதான். ஜிம்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் மீறுவது வேறு, இருப்பது வேறு. ஒரு குறையைச் சரிசெய்யப் போய் ஹார்மோனைப் பூஜ்யத்துக்குத் தள்ளுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஆக, ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை என்ற பேச்சுக்கு இடம் இருக்கும் ஆண்கள் வேறு வகையினர். டெஸ்டோஸ்டிரோன் இனி திரும்பவே கூடாதவர்கள். புராஸ்டேட் புற்றுநோய் முற்றியவர்களுக்குச் சிகிச்சையே அதை ஒழிப்பதுதான். விதைநீக்கம் செய்தாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ இந்தப் புற்று சுருங்கும் என்று 1941இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966இல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பல ஆண்டுகள் புழங்கியது. 1960களில் அமெரிக்க முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், அதை அதிக அளவில் விழுங்கியவர்கள் புற்றுநோய்க்குத் தப்பி இதயக் கோளாறிலும் ரத்தக்கட்டியிலும் இறப்பது தெரிந்தது. வாய்வழி போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைத் தொடுகிறது. கல்லீரல் ரத்தம் உறையும் புரதங்களை அதிகமாகச் செய்கிறது. மாத்திரை ஒதுக்கப்பட்டது. 1980களில் கோசெரெலின் வகை ஊசிகள் வந்தன. நல்ல மருந்துகள்தான். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் இல்லாமல் போனால் எஸ்ட்ராடியாலும் இல்லை. உடம்பெல்லாம் தீப்பிடித்தாற்போல வெப்ப அலை, எலும்பு தேய்வு, ஆசை அடியோடு போவது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது வருகிற தொல்லைகளின் பட்டியலேதான், ஆணின் உடம்பில்.

இங்கேதான் தோல் வழியே கொடுக்கும் பழைய யோசனை திரும்பியிருக்கிறது. ஒட்டுப்பட்டையாக எஸ்ட்ராடியால் போட்டால் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தத்துக்குப் போய்விடுகிறது. தொட்டி நிரம்பிய கணக்கில் டெஸ்டோஸ்டிரோனும் அடங்குகிறது, எஸ்ட்ராடியாலும் கைவசம் இருக்கிறது. பிரிட்டனில் 1,694 ஆண்களை வைத்து நடந்த பாட்ச் என்ற சோதனையின் இதய நோய்க் கணக்கு 2021இல் வெளியானது. ஊசி போட்டவர்களுக்கும் பட்டை ஒட்டியவர்களுக்கும் இதயக் கோளாறுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டை ஒட்டியவர்களுக்கு வெப்ப அலை குறைவு, எலும்புக்கும் பாதுகாப்பு. பதிலுக்கு அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மார்பு வளர்ந்தது.

ஆசை? ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருந்தால் ஆசையில் ஒரு பகுதியாவது மிஞ்சும் என்று சில ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். விதைநீக்கிய விலங்குகளையும், வெவ்வேறு காரணங்களால் விதைநீக்கம் செய்துகொண்டு ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் மனிதர்களின் அனுபவங்களையும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். முழு விறைப்பு திரும்பும் என்று அவர்கள் சொல்லவில்லை. துணையைத் தொட வேண்டும் என்று தோன்றுவது, அருகில் படுக்க விருப்பம் இருப்பது, அந்த அளவுதான் பேச்சு. எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. 2013 ஆய்வின் வரைபடங்களை வைத்துப் பார்த்தால் பொருந்தியும் வருகிறது. ஆனால் பிடித்திருப்பதால் மட்டும் அது நிரூபணமாகிவிடாது. இருந்த டெஸ்டோஸ்டிரோன் முழுதும் போன இடத்தில், இரண்டில் ஒன்று மட்டும் இருந்து எவ்வளவு தாங்கும் என்பது தனிக் கேள்வி.

அதற்கு ஏன் இன்னும் உறுதியான விடை வரவில்லை என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. புற்றுநோய்ச் சோதனைகள் அளப்பது முதலில் ஆயுளை, அடுத்து இதயத்தை, அப்புறம் எலும்பை. ஆசை வருவது நோயாளிகளிடம் கொடுக்கும் வினாத்தாளில். அங்கேயும் சிறுநீர், மலம், வெப்ப அலை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில். எழுபது வயது மனிதர் காத்திருப்பு அறையில், பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்க, அந்தக் கடைசிப் பக்கத்தில் 'பாலுறவில் எவ்வளவு ஆர்வம்' என்ற வரிக்கு வந்து சேர்கிறார். பல பேர் அதை நிரப்பாமலே தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.